கொழும்புக்கு அடிச்சவன்

லோகிதாசன் என்ன வேலை பார்க்கிறான் என்பது அவனுடைய அம்மா ரெங்கம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. விளங்காவிட்டால் என்ன, பெருமைப்படுவதற்கு விளங்கத்தான் வேண்டும் என்று ஏதாவது சட்டமா இருக்கிறது? மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன், செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கையால் தொடாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறிப் பதுளைக்குப் போய்வருகிறான். அது போதாதா? மலையில் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் நிற்பவள், "ஒங்க மகன் என்னா வேல செய்யிறான்?" என்று கேட்டால் ரெங்கம்மா நிமிர்ந்து நின்று சொல்வாள். "அவன் கொழும்புக்கு அடிச்சுப் பாக்குறவன்."

இட்டுக்கட்டிச் சொன்னதல்ல. மகன் போனில் பேசும்போது காதில் விழுந்ததைத்தான் அப்படியே சொன்னாள். அந்தச் சொல் ஒருநாள் என்ன செய்யப் போகிறதென்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அப்பா அவன் சின்னவனாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். ரெங்கம்மா ஒற்றை ஆளாக நின்று அவனைப் பசறையில் உயர்தரம் வரை படிக்க வைத்தாள். கணக்கில் கோட்டை விட்டதில் கெம்பஸ் போய்ப் பட்டம் படிக்கிற கனவு போயிற்று. தொண்ணூறுகளின் கடைசியில் பதுளை பசாரில் முஸ்தாக் நானாவின் கம்பியூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பிரிண்டருக்கு மை ஊற்றுவதில் தொடங்கி, கம்பியூட்டரைக் கழற்றிப் பூட்டி, கடைசியில் ஒரு கம்பியூட்டரை இன்னொன்றோடு பேச வைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தான். முஸ்தாக் முன்கோபக்காரர். கடையில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கத்துவார். ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு தேயிலைக் கம்பனி முஸ்தாக்கைத் தேடி வந்தது. பசறையிலிருந்து மடுல்சீமை வரைக்கும், அந்தப் பக்கம் கொஸ்லந்தையிலும் அவர்களுக்குத் தோட்டங்கள் இருந்தன. கொழும்பில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்த யாருக்கோ ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. தோட்டத்து ஆபிஸ்களில் இருந்த கம்பியூட்டர்களை எல்லாம் தூக்கிவிட்டு, ஒரு திரையும் ஒரு கீபோர்டும் ஒரு சின்னப் பெட்டியும் மட்டும் வைத்தார்கள். கிளாக்கர் இங்கே தட்டுவார். வேலை நடப்பது கொழும்பில் இருக்கும் பெரிய இயந்திரத்துக்குள். நடந்ததன் படம் மட்டும் மலைக்குத் திரும்பி வரும். தலைமை ஆபிஸில் பரீட்சித்துப் பார்த்தபோது அருமையாக வேலை செய்ததாம். இயந்திரம் அடுத்த மாடியில்தானே இருந்தது, செய்யாமல் என்ன?

மலையில் அது கிளாக்கர்மாரின் உயிரை வாங்கியது. ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது. வரவில்லையே என்று இன்னொரு தரம் தட்டினால் இரண்டும் சேர்ந்து வரும். ஒன்றை அழிக்கப் போனால் இரண்டும் போய்விடும். மடுல்சீமைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர், பென்சனுக்குக் கிட்டியவர். "நான் தட்டுறது இண்டைக்கு, அது காட்டுறது நாளைக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வேறொரு தோட்டத்தில் ஒரு கிளாக்கர் கீபோர்டைச் சுவரில் எறிந்ததாகவும் கதை வந்தது.

இந்தத் தாமதம் எங்கே, எப்போது, எவ்வளவு என்று அளந்தால்தான் எதையாவது திருத்தலாம். அளக்கிற பொறுப்பு கொழும்பில் பிரவீணன் என்ற எஞ்சினியரிடம் வந்தது. அவனுக்கு மலையில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. முஸ்தாக் லோகிதாசனை அனுப்பினார்.

வேலை இதுதான். தோட்டத்து ஆபிஸிலிருந்து கொழும்பு இயந்திரத்துக்கு ஒரு சின்னச் செய்தியை அனுப்ப வேண்டும். 'இருக்கிறாயா?' என்று கேட்கிற மாதிரி. அது 'இருக்கிறேன்' என்று திருப்பி அனுப்பும். போய்வர எடுத்த நேரம் திரையில் வரும், மில்லி செக்கனில். அதுதான் தாமதம். இப்படி ஒரே மூச்சில் நூறு அனுப்பினால் சில திரும்பி வராது, வழியில் தொலைந்துவிடும். அதையும் எண்ண வேண்டும். தொழிலில் இருக்கிறவர்கள் யாரும் இதை 'அனுப்புவது' என்று சொல்வதில்லை. 'பிங் அடிக்கிறது' என்பார்கள். பிறகு அந்தப் 'பிங்'கும் தேய்ந்துபோய் வெறும் 'அடிக்கிறது' ஆகிவிடும். திரும்பி வராதவை 'விழுந்தவை'. நூறு அடித்து மூன்று விழுந்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை. பத்துக்கு மேல் விழுந்தால் அந்தத் தோட்டத்துக் கிளாக்கருக்கு அன்றைக்குத் தலைவலிதான்.

பசறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு டெலிபோன் கம்பி இருந்தது. மடுல்சீமைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஆபிஸ் கூரையில் ஒரு டிஷ்ஷை வைத்து, செய்தியை வானத்தில் சுற்றுகிற செட்டலைட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து கொழும்புக்கு இறக்கினார்கள். போய்வர அறுநூறு மில்லி செக்கனுக்கு மேல். அரைச் செக்கன்தானே என்று கேட்பவர்கள் ஒரு பக்கம் தட்டிப் பார்க்க வேண்டும். மழை இறங்கினால் அதுவும் இல்லை, பாதி வானத்திலேயே போய்விடும்.

லோகிதாசனும் பிரவீணனும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. குரல் பழக்கம்தான். பிரவீணன் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் லோகிதாசனுக்குப் பிடித்திருந்தது. சராசரியை மட்டும் பார்க்காதே என்பான். எப்போதும் ஒரே அளவு பிந்தினால் மனிதனுடைய கை அதற்குப் பழகிக்கொள்ளும். ஒரு நேரம் சட்டென்று வந்து, ஒரு நேரம் இழுத்தடித்தால்தான் கைக்குப் பைத்தியம் பிடிக்கும். லோகிதாசனும் அவனுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தான். காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எல்லாத் தோட்டங்களின் லைனும் ஒன்றாக அடைத்துக்கொள்வதன் காரணம் பிரவீணனுக்குப் பிடிபடவில்லை. "பெரட்டு கலைஞ்சோன எல்லாக் கிளாக்கரும் ஒண்ணா வந்து ஒக்காருவாங்கல்ல சேர்" என்றான் இவன். பெரட்டென்றால் என்னவென்று அவன் கேட்டான். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது என்று சொன்னதும் பிரவீணன் வெகுநேரம் சிரித்தான். அன்றிலிருந்து காலை அளவைக்குப் 'பெரட்டு டெஸ்ட்' என்றே பெயராயிற்று.

வேலைக் கதை முடிந்தால் வீட்டுக் கதை வரும். பிரவீணனுடைய அம்மா கமலாம்பிகை யாழ்ப்பாணத்தில் இருந்தாள். யுத்தத்தில் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியதிலிருந்து அவளைப் போய்ப் பார்க்க வழியில்லை. போன் கிடைக்கிற நாளில் பேசுவான். "உம்மைப் பற்றியும் அம்மாட்டச் சொல்லியிருக்கிறன். மலையில எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான் எண்டு" என்றான் ஒருநாள். அதைக் கேட்ட லோகிதாசனுக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. சேர் என்று கூப்பிடுகிறவனைச் சிநேகிதன் என்று சொல்லிவிட்டானே.

இன்னொரு நாள் பிரவீணன் அவனை எச்சரித்தான். பஸ்ஸில் போகும்போது போனில் தமிழ் பேச வேண்டாம், நான் கொழும்பில் வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் போனையே அணைத்துவிடுவேன் என்றான். லோகிதாசன் சிரித்தான். இந்தப் பக்கமெல்லாம் அப்படி இல்லை சேர், எங்களைப் பார்த்தாலே தோட்டத்து ஆட்கள் என்று தெரியும் என்றான். அவன் உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். யுத்தம் வடக்குக்காரருடையது, நாம் தேயிலைக்காரர் என்று லயத்தில் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டாயிரத்து எட்டு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், குண்டுப் பயத்தில், தலைக்கு மேலே இருக்கிற பொதி யாருடையது என்று எல்லோரும் பார்த்துக்கொள்கிற வருடம். லோகிதாசன் மடுல்சீமையில் பெரட்டு டெஸ்டை முடித்துவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினான். மடியில் பை. பைக்குள் லெப்டொப், ஒரு சுருள் வயர், சிவப்பும் பச்சையுமாக லைட் மினுக்குகிற வயர் பரிசோதிக்கும் கருவி. அந்தப் பாதையில் போன் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு வளைவில்தான். வளைவு தாண்டினால் போயிற்று. அதனால் அந்த இடம் வந்ததும் எடுத்து, சுருக்கமாக, காது கேளாதவனுக்குச் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிடுவான். அன்றைக்கும் அதையே செய்தான்.

"சேர், கொழும்புக்கு நூறு அடிச்சேன். பன்னெண்டு விழுந்துருச்சு. ஆமா சேர், பன்னெண்டு. மத்தியானம் அடிச்சா அவ்வளவு விழாது. காலையில கூட்ட நேரத்துல அடிச்சாத்தான் நெறைய விழும். நாளைக்குக் காலையில திரும்ப அடிக்கிறேன்."

வளைவு தாண்டியது, லைன் போய்விட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டான். முன் ஆசனத்தில் இருந்தவர் ஒருதரம் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தான். சத்தமாகப் பேசிவிட்டோம் போலிருக்கிறது, கோபித்துக்கொண்டார் என்று நினைத்தான்.

அடுத்த சோதனைச் சாவடியில் பஸ் நின்றதும் அந்த மனிதர்தான் முதலில் இறங்கினார். பிறகு லோகிதாசனை இறக்கினார்கள். பையைத் திறந்தார்கள். வயர் வந்தது, லைட் மினுக்குகிற கருவி வந்தது. அவனோடு ஒரே லயத்தில் வளர்ந்தவன் ஒருவனும் அந்தப் பஸ்ஸில் இருந்தான். அவன் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் குறைசொல்வதற்கில்லை.

எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே தமிழ்ப் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கிய ஓர் உத்தியோகத்தர் இருந்தார். பஸ்ஸில் கேட்டவர் நினைவில் வைத்திருந்த வார்த்தைகளை அவர் சிங்களத்தில் எழுதினார். ஒரு சொல்லைக்கூடத் தவறாக மொழிபெயர்க்கவில்லை. நூறு அடித்தேன் என்றால் நூறு அடித்தேன்தான். பன்னிரண்டு விழுந்தது என்றால் விழுந்ததுதான். கூட்ட நேரம் என்றால் வேறென்ன? எழுதியதை ஒருதரம் வாசித்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவனோடு பேசிய குரலே வேறாகிவிட்டது.

லோகிதாசனுக்குச் சிங்களம் நன்றாக வரும். விளக்கிவிடலாம் என்று நினைத்தான். கம்பியூட்டர் என்றான், செட்டலைட் என்றான், கடைசியில் "பிங் எகக் கெஹுவா" என்றான். கடைத்தெருவில் சிங்களப் பையன்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் 'கெஹுவா' என்றாலும் அடித்தேன் என்றுதான் அர்த்தம். எந்த மொழியில் ஓடினாலும் அதே சொல் வந்து முன்னால் நின்றது. எதை அடித்தாய்? கொழும்பை. எதனால்? அதற்கு அவன் சொன்ன பதில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

மறுநாள் தோட்டத்துக்கு ஜீப் போனது. ரெங்கம்மாவை மலையிலிருந்து லயத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார்கள். மகன் பிடிபட்ட சங்கதி அவளுக்குத் தெரியாது. பதுளையில் கடையிலேயே தங்கிவிட்டான் என்று நினைத்திருந்தாள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கேட்டார், உன் மகன் என்ன தொழில் செய்கிறான் என்று. ஜீப் வைத்துக்கொண்டு வந்து மகனைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால், ஏதோ பெரிய உத்தியோகம் கொடுக்கத்தான் விசாரிக்கிறார்கள் என்று அந்த மனுசி நினைத்துவிட்டாள். படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"கொழும்புக்கு அடிக்கிறவங்க என் மகன். காலையில பெரட்டு முடிஞ்சோன ஒருக்கா அடிப்பான், மத்தியானம் ஒருக்கா அடிப்பான். நல்லா அடிக்கிறான்னு கொழும்புல இருக்க தொரையே சொல்லியிருக்காருங்க" என்றாள்.

உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். அந்தத் தொரையின் பெயர் என்னவென்று கேட்டார். அது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. போகும்போது அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கப் பார்த்தாள், அவர்கள் குடிக்கவில்லை.

அதுவரை கேள்வி நூறைப் பற்றியும் பன்னிரண்டைப் பற்றியும்தான் இருந்தது. இப்போது எல்லாக் கேள்வியும் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. கொழும்பில் இருக்கிற அந்தத் தொரை யார்? போனில் இருந்த இலக்கம் கம்பனியின் பொது இலக்கம், அதற்குப் பின்னால் எத்தனையோ பேர். கம்பனியைக் கேட்டார்கள். அங்கே யாரோ ஒருவர், அப்படியொருவன் எங்களிடம் வேலை செய்யவில்லை, அவன் பதுளைக் கடைக்காரருடைய ஆள் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார். கணக்குப்படி அது பொய்யுமில்லை. ஆகவே அந்தப் பெயரைச் சொல்லக்கூடியவன் லோகிதாசன் ஒருவன்தான்.

அவன் முதலில் சொல்லவில்லை. தன் ஐடென்டிகார்டில் பதுளை மாவட்டம் என்றிருக்கிறது, பிரவீணனுடையதில் யாழ்ப்பாணம் என்றிருக்கும். அந்த வித்தியாசம் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு முழுதாக உறைத்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

பிறகு அடித்தார்கள். இத்தனை நாளாக அவன் வாயில் சும்மா புரண்டுகொண்டிருந்த சொல் அது. கையாலும் அடித்தார்கள், கையில் கிடைத்ததாலும் அடித்தார்கள். இடது காதில் விழுந்த ஓர் அடிக்குப் பிறகு அந்தக் காதில் இரைச்சல் மட்டும் இருந்தது. கழுத்தில் ஏதோ சூடாக வழிந்தது. அடுத்த நாள் இரைச்சலும் நின்றுவிட்டது, அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை.

அப்போது ஒரு யோசனை வந்தது. பிரவீணன் படித்தவன், எஞ்சினியர், இங்கிலீசும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. அவனைக் கேட்டால் ஐந்து நிமிசத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிடுவான், இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடலாம். நியாயமான யோசனைதான். ஆனால் யோசனை முதலில் வந்து அதனால் பெயரைச் சொன்னானா, அடி தாங்காமல் பெயரைச் சொல்லத் துணிந்த பிறகு யோசனை வந்து சேர்ந்துகொண்டதா என்பது அவனுக்கே பிடிபடவில்லை. பின்னாளில் எத்தனையோ தரம் அதை உரசிப் பார்த்தான். எப்படியோ, பெயரைச் சொன்னான். வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிறான் என்பதையும் சொன்னான். அதை அவர்கள் கேட்கக்கூட இல்லை.

யோசனை பாதிக்குப் பலித்தது. பிரவீணனைக் கொழும்பில் பிடித்தார்கள். அவன் விளக்கினான். வெகு நன்றாக விளக்கினானாம். படம் வரைந்து காட்டி, பிங் என்றால் என்ன, விழுவது என்றால் என்ன, பெரட்டு நேரத்தில் ஏன் நிறைய விழுகிறது என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறான். மடுல்சீமைப் பையன் ஒரு பாவமும் அறியாதவன், நான் சொன்ன வேலையைச் செய்தவன் என்றும் சொல்லியிருக்கிறான். உங்கள் தொரை கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டே அந்தத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லோகிதாசனிடம் பையைத் திருப்பிக் கொடுத்தார். வயரை யாரோ ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

அந்த விளக்கம் லோகிதாசனை வெளியே விட்டது. விளக்கம் சொன்னவனை விடவில்லை. பன்னிரண்டு விழுந்த கதை முடிந்துபோயிற்று என்றாலும், கையில் கிடைத்த யாழ்ப்பாணத்துப் பையனிடம் கேட்க வேறு கேள்விகள் இருந்தன. எந்தப் பள்ளிக்கூடம், கூடப் படித்தவர்கள் இப்போது எங்கே, கொழும்புக்கு ஏன் வந்தாய். இங்கே இருக்கிறான் என்றார்கள், போய்க் கேட்டவர்களுக்கு அங்கே மாற்றிவிட்டோம் என்றார்கள். அங்கே போனால் அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை.

லோகிதாசனை அழைத்துப்போக முஸ்தாக் டிரைவரோடு வேன் கொண்டுவந்திருந்தார். அவன் உள்ளே இருந்த நாளெல்லாம் வாசலில் வந்து நின்று ஏச்சு வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். வழியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பசறை தாண்டும்போது, "கொழும்புப் புள்ளைய வுட்டாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் இவனுடைய இடப்பக்கமாக உட்கார்ந்திருந்தார். இவனுக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பக் கேட்கவுமில்லை.

ரெங்கம்மாவிடம் அவன் எதையும் சொல்லவில்லை. அவளுக்கு அது வெற்றிக் கதையாகவே இருந்தது. பொலிஸ் வந்து விசாரித்தார்கள், நான் மகனைப் பற்றி நல்லபடியாகச் சொன்னேன், விட்டுவிட்டார்கள் என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் லோகிதாசன் எழுந்து வெளியே போய்விடுவான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆனாலும் அவளிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவே இல்லை.

வேலையும் போகவில்லை, அதுதான் வேடிக்கை. கம்பனி இரண்டு மாதத்தில் திரும்ப ஆள் கேட்டது. கொழும்பில் இப்போது வேறொரு குரல். இங்கிலீசில் மட்டும் பேசும், அதுவும் அவசியமென்றால் மட்டும். லோகிதாசன் பழையபடி டிஷ்ஷுக்குக் கீழே உட்கார்ந்து அளந்தான். வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் இன்னொரு காரியமும் செய்தான். பிரவீணனுடைய மேசையில் இருந்த கம்பியூட்டரின் இலக்கம் அவனுக்கு மனப்பாடம். அதற்கு ஒருதரம் அனுப்பிப் பார்ப்பான். இருக்கிறாயா? அறுநூறு மில்லி செக்கனில் பதில் வரும். இருக்கிறேன். அந்த மேசையை யாரும் தொடவில்லை, இயந்திரத்தை யாரும் அணைக்கவில்லை. ஆளைக் காணவில்லை, ஆளுடைய இயந்திரம் மட்டும் நாள் தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதில் அவனுக்கு ஓர் அற்ப ஆறுதல் இருந்தது. யுத்தம் முடிகிற வரைக்கும் பதில் வந்தது. பிறகு ஒருநாள் வரவில்லை. லைன் கோளாறாக இருக்கும் என்று திரும்பத் திரும்ப அனுப்பினான். எல்லாம் விழுந்தது. மேசையைக் காலி செய்துவிட்டார்கள் என்று விளங்கிக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிரவீணனைத் தேடி அவன் எங்கும் போகவில்லை. போயிருக்கலாம். பயந்தான், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து யாழ்ப்பாணத்துப் பாதை திறந்து சில மாதங்கள் கழிந்தபின் ஒருநாள், இப்போது சிக்னல் வந்துவிட்ட மடுல்சீமைத் தோட்டத்து ஆபிஸில் இருக்கும்போது போன் வந்தது. தெரியாத இலக்கம். பழக்கத்தில் இடது காதில் வைத்து, பிறகு வலது காதுக்கு மாற்றினான்.

"தம்பி, நான் பிரவீணன்ர அம்மா கதைக்கிறன். யாழ்ப்பாணத்தில இருந்து."

கமலாம்பிகை. மலையில் ஒரு சிநேகிதன் என்று மகன் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, பதுளையில் கம்பியூட்டர் கடை கடையாக விசாரித்து, முஸ்தாக்கிடமிருந்து இலக்கம் வாங்கியிருக்கிறாள். அழவில்லை. ஏற்கெனவே பலரிடம் பல தடவை கேட்டுப் பழகிய குரல். எங்கெங்கே போனாள், யார் யாரைப் பார்த்தாள் என்று சொன்னாள். ஒரு முகாமில் பெயர்கள் வாசித்தபோது காலையிலிருந்து நின்றும் அவன் பெயர் வரவில்லை என்றாள். உங்களிட்டயாவது ஏதும் கதைச்சவனோ என்று கேட்டாள். இல்லை என்றான் இவன். பிறகு அவள் கேட்டாள்.

"அவன்ர பேரை அவங்களுக்கு ஆர் குடுத்தது எண்டு உங்களுக்குத் தெரியுமே, தம்பி?"

லோகிதாசன் பேசவில்லை. தாமதத்தை அளந்தே பிழைத்தவன், அந்த இடைவெளி எவ்வளவு நீண்டது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் அவள் லைனில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். கேக்குதே தம்பி, கேக்குதே என்று இரண்டு தரம் கேட்டாள்.

"நான்தாங்கம்மா குடுத்தேன்" என்றான்.

இப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வைத்துவிட்டாள் என்றே நினைத்தான். வைக்கவில்லை. வெகு நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கு அடிச்சவங்களோ, தம்பி?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை, கேட்காமல் போன காதே அதற்குச் சாட்சி. இத்தனை காலமாக யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று அவன் காத்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்ற ஒரு சொல்லில் அவள் அவனை மன்னித்தும் இருப்பாள். ஆனால் அவள் கேட்டது அவனைப் பற்றி அல்ல என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. மலையில் பிறந்த இவனுக்கே அடித்தார்கள் என்றால், யாழ்ப்பாணத்தில் பிறந்த தன் பிள்ளையை என்ன செய்திருப்பார்கள் என்பதைத்தான் அவள் கேட்டாள்.

"இல்லங்கம்மா. அங்க யாரும் அடிக்க மாட்டாங்க. என்னைய ஒருத்தரும் தொடல" என்றான்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டது அவனுக்குக் கேட்டது. அந்த மூச்சுக்காகத்தான் அவன் பொய் சொன்னான்.

"அப்ப ஏன் தம்பி அவன்ர பேரைச் சொன்னனீங்கள்?" என்று கமலாம்பிகை கேட்டாள்.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். லோகிதாசன் போனைக் கேட்கிற வலது காதில் வைத்தபடியே நின்றான்.